திங்கட்கிழமைச் சூரியன்

அடையாறில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் தரவுகளைக் கவனித்துவந்த பெண்மணி, காலண்டரில் கிழித்த தாளைக் குப்பையில் போடமாட்டார். அதன் பின்பக்கம் வட்டம் போட்டு, அன்றைய சூரியனில் எங்கே துகள்கள் பீறிடும் ஓட்டை, எங்கே கரும்புள்ளி என்று பென்சிலால் குறிப்பார். கம்ப்யூட்டரில் படமே இருக்கும்போது இது எதற்கு என்று கேலி செய்திருக்கிறேன். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, காதோரம் எப்போதும் அந்தப் பென்சில்.

அன்று என் உரைக்குப் பத்து நிமிடம் இருந்தது. சனிக்கிழமை பூமியை வந்தடைந்த சூரியக் காற்று, அந்தத் துகள் வெள்ளம், எந்த ஓட்டையிலிருந்து கிளம்பியது என்று அறிவிக்கப்போகிறேன். அரங்கம் நிறைந்துவிட்டது. உரைக்கான படத்தை அந்தப் பெண்மணியிடம் காட்டினேன்; பார்த்தவர் வழிமறித்தார்.

“சார், எல்லாக் காத்தும் பூமிக்கு வர மூணு நாளுன்னு போட்டிருக்கீங்க. சனிக்கிழமை வந்தது மெதுவான காத்து. கிளம்பி அஞ்சு நாளாவது ஆயிருக்கும்.”

“அதனால?”

“அஞ்சு நாள் முன்னாடி, திங்கக்கிழமை, உங்க ஓட்டை பூமியைப் பார்த்த நடுவுக்கே வரல சார். நடுவுல இருந்தது கரும்புள்ளிங்க.”

“இப்ப வந்து சொல்றீங்களே மேடம்!” என்று கத்தினேன்.

“இப்பதானே சார் படத்தைக் காட்டினீங்க,” என்றார், குரலை உயர்த்தாமல்.

மேடையேறினேன். எப்போது வைத்தாரோ, மைக் அருகே திங்கட்கிழமைத் தாள் கிடந்தது, வட்டம் தெரியும்படி. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தயாரித்திருந்தபடியே பேசி முடித்தேன். கை தட்டினார்கள். கேள்வி உண்டா என்றபோது யாரும் எழவில்லை. மூன்றாம் வரிசையில் அவரும் எழவில்லை. ஏன் எழவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தத் தாள் என் மேஜை டிராயரில் இருக்கிறது, கவிழ்ந்தபடியே.