எறியத் தெரியாத கை

விமானப் பணிப்பெண் வேலைக்கான முதல் தேர்வில் நான் தோற்றது பலம் போதாமல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் இன்றும் "அதால கதவ தூக்க முடியலயாம்" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். தூக்கினேன். நன்றாகவே தூக்கினேன்.

அது எட்டு இருக்கைகள் கொண்ட சிறிய ஜெட் விமானம். பெரிய தொழிலதிபர்கள் வாடகைக்கு எடுத்துப் பறப்பார்களே, அந்த வகை. ஏறி இறங்கும் கதவு முன்னால் இருக்கும். ஆபத்தில் அது திறக்காவிட்டால் தப்பிக்க இறக்கைக்கு மேலே இன்னொரு அவசரக் கதவு உண்டு. கதவு என்று பெயர்தான், ஒரு ஜன்னல் அளவு இருக்கும். கீல் கிடையாது. கைப்பிடியை இழுத்தால் முழுப் பலகையாகக் கழன்று கையில் விழும். இருபத்தைந்து கிலோ அரிசிப் பையில் பாதிக்கு மேல் கனம். அதைத் திருப்பி, அது இருந்த ஓட்டை வழியாகவே வெளியே எறிந்துவிட்டு, பயணிகளை ஒவ்வொருவராக வெளியேற்ற வேண்டும். சென்னையில் அந்த விமானங்களை வாடகைக்கு விடும் கம்பெனியின் கொட்டகையில் விமானத்தின் உட்பகுதியைப் போலவே ஒரு மாதிரி கட்டி வைத்திருந்தார்கள். தேர்வு அதில்தான் நடந்தது.

விசில் ஊதியதும் கைப்பிடியை இழுத்தேன். பலகையை வாங்கினேன். பக்கத்து இருக்கையில் பதமாக வைத்தேன்.

பயிற்சியாளர் பெரிய விமானங்களில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தாமலே மானத்தை வாங்கிவிடுவார்.

"எதுக்கும்மா அங்க வச்சீங்க? அந்த சீட்ல இருக்கறவர் எப்படி வெளிய போவாரு?"

"கீழ விழுந்துடும்னுதான் சார்."

"விழத்தானே வேணும்."

மறுபடியும் செய்யச் சொன்னார். இந்த முறை பலகையை வெளியே கொண்டுபோய், வாசலுக்கு வெளியே இறக்கையின் மேல் மெதுவாகச் சாய்த்து வைத்தேன். வெளியே போகிறவர்கள் அதில்தான் இடித்துக்கொள்வார்கள். அவர் கையெழுத்துப் போடாமலே என் ஃபைலை மூடிவிட்டார்.

"இந்த சைஸ் விமானத்துக்கு சட்டப்படி கேபின் க்ரூவே தேவையில்ல. பைலட்டுங்க இருந்தா போதும். டீ குடுக்க ஒரு ஆள் வேணும்னுதான் உங்கள ஏத்தறாங்க. கதவ திறக்கத் தெரியலன்னா, நாங்க காப்பாத்த வேண்டிய இன்னொரு பேசஞ்சர் நீங்க, அவ்வளவுதான். பத்து நாள் கழிச்சு வாங்க. அதான் கடைசி சான்ஸ்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்பதால் இன்னும் அதிகமாகப் பொங்கியது.

எங்கள் ஊரான விருத்தாசலத்துக்கு ரயில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மா பீங்கான் பொம்மைத் தொழிற்கூடத்தில் வேலை செய்பவள். பள்ளிக்கூடம் விட்டால் நான் நேரே அங்கேதான் போவேன். சூளையில் வைக்காத பொம்மைகளைப் பலகையில் அடுக்கி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு எடுத்துப் போவேன். விரல் கொஞ்சம் அழுந்தினால் பொம்மைக்கு மூக்கு இருக்காது. "மெதுவா வை, மெதுவா வை" என்று கேட்டே வளர்ந்த கை இது. கைபேசியைக்கூட நான் மெத்தையில் வீசியதில்லை. இருபத்து மூன்று வயதுவரை எந்தப் பொருளையும் எறிந்ததே இல்லை என்பது எனக்கு அந்த ரயிலில்தான் உறைத்தது.

பத்து நாளில் எறியப் பழகிவிடுவது என்று முடிவு செய்தேன். தலைகீழாக நின்றாவது.

தொழிற்கூடத்தின் பின்பக்கம் தேய்ந்துபோன பிளாஸ்டர் அச்சுகளைக் குவித்து வைத்திருப்பார்கள். பலமுறை வார்த்தபிறகு அவை எதற்கும் உதவாது. பெரிய பொம்மையின் அச்சில் ஒரு பாதியே அந்தக் கதவின் கனம் வரும். முதலாளியிடம் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்தில் சட்டம் வைக்காத ஜன்னலோடு ஒரு பாழறை இருந்தது. உள்ளேயிருந்து வெளியே எறிய அது வாகாக அமைந்தது.

முதலில் கையில் கிடைத்ததைத் தூக்கியதுமே அம்மா ஓடி வந்தாள்.

"அது புள்ளையார் அச்சுடி. அதப் போயி ஒடைக்கற? யான அச்சு கெடக்குது பாரு, அத எடுத்துக்க."

யானையைத் தூக்கினேன். ஜன்னல்வரை கொண்டுபோனேன். என் கை அதைச் சுவரோரமாக மெதுவாக இறக்கி வைத்தது. இன்னொரு முறை, இன்னொரு முறை. அன்று முழுவதும் அப்படித்தான். மறுநாளும் அப்படித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், அம்மாவோடு வேலை செய்யும் அக்கா ஒருத்தர் சோற்றுத் தூக்கோடு வந்து வேடிக்கை பார்த்தார்.

"வூட்டுக்காரன் மூஞ்ச நெனச்சிக்கிட்டு எறி, தானா போவும்."

"எனக்குத்தான் வூட்டுக்காரனே இல்லியேக்கா."

"அப்ப என் வூட்டுக்காரன நெனச்சிக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எனக்கு அவர் வீட்டுக்காரர் முகம் வரவில்லை. 'டீ குடுக்க ஒரு ஆள்' என்று சொன்ன முகம்தான் வந்தது. யானை ஜன்னலைத் தாண்டிப் போய் வெளியே நொறுங்கியது. அந்தச் சத்தத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். தொழிற்கூடத்துக்குள் ஒரு கணம் எல்லாருடைய பேச்சும் நின்றது. அந்தக் கூடத்தில் உடையும் சத்தம் கேட்டால் யாருக்கும் அப்படித்தான்.

"இதுக்குத்தான் ஒனக்கு சம்பளம் குடுக்கறாங்களா?" என்றாள் அம்மா.

அடுத்த அச்சை எடுத்தேன். மிச்சமிருந்த நாட்களில் காலை, மாலை இரண்டு வேளையும் எறிந்தேன். தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு எறிந்தேன். கடைசி நாட்களில் சத்தம் வரும்போது நான் கண் சிமிட்டுவதுகூட இல்லை.

இரண்டாம் தேர்வு அன்று, கம்பெனி ஆட்கள் மூன்று பேரைப் பயணிகளாக உட்கார வைத்திருந்தார்கள். முதல் விசிலுக்கும் இரண்டாவது விசிலுக்கும் நடுவில் நான் உட்பட எல்லாரும் வெளியே இருக்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொன்னார்.

விசில் ஊதியது. கைப்பிடியை இழுத்தேன், பலகையைத் திருப்பினேன், எறிந்தேன். வெளியே ஏதோ பிளந்துகொண்ட சத்தம் கேட்டது. என்னவென்று நான் பார்க்கவில்லை. முதல் ஆளை அனுப்பினேன், இரண்டாவது ஆளை அனுப்பினேன். மூன்றாமவர் தன் பையை எடுக்கத் திரும்பினார். பையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவரை முதுகில் கைவைத்துத் தள்ளினேன். பிறகு நானும் ஒரு காலை வெளியே வைத்தேன்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் கழிவறைக் கதவு சாத்தியிருந்தது.

ஏறியது மூன்று பேர், இறங்கியதும் மூன்று பேர். எனக்குத் தெரியும். இரண்டாவது விசில் எந்த நொடியிலும் வரலாம், அதுவும் தெரியும். ஆனாலும் அந்தக் கதவு சாத்தியிருந்தது. வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். கதவைத் திறந்தேன். ஒருவரும் இல்லை. நான் அங்கே நிற்கும்போதே விசில் ஊதிவிட்டது.

வெளியே வந்தேன். மூச்சு வாங்கியது.

"உள்ள யாரு இருந்தாங்க?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"யாரும் இல்ல சார்."

"மூணு பேருதான்னு உங்களுக்குத் தெரியும்ல? அப்புறம் எதுக்குப் போனீங்க? டைம் போயிடுச்சு."

"தெரியும் சார். ஆனா பாக்கல. பாக்காம என்னால எறங்க முடியாது. ஃபெயில்னா ஃபெயில் போட்டுக்குங்க." சொன்னதை மாற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை.

அவர் என்னைத் தாண்டி அந்த ஓட்டை வழியாகக் குனிந்து உள்ளே போனார். கழிவறைக் கதவைத் திறந்து, தானும் ஒருமுறை பார்த்தார். வெளியே வந்து என் தாளில் கையெழுத்துப் போட்டார்.