ஆச்சி, நாந்தான், எடு

என் பேரன் ரெனால்ட் ஒரு செல்போனைக் கையில் வாங்கினால் முதலில் மோந்து பார்ப்பான். தண்ணீர் புகுந்ததா, சார்ஜரில் கருகியதா, பாட்டரி வீங்கப் போகிறதா என்பதை மூக்காலேயே சொல்லிவிடுவான். தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் ஆறடிக்கு நாலடியில் ஒரு ரிப்பேர் கடை. அதுதான் அவன் உலகம்.

எங்கள் சபையின் ஆண்டு மலரில் அவனைப் பற்றி நாலு வரி போட்டிருந்தார்கள். பிறந்த தேதி, சபையில் முழு அங்கமாகத் திடப்படுத்தல் எடுத்த வருஷம், கைபேசிக் கடை வைத்திருக்கிறார், வாலிபர் சங்கத்தில் ஊக்கமாக உழைத்தார். வாசித்துக் காட்டினார்கள். எழுதியவர் மேல் வருத்தமில்லை. ஆனால் அந்த நாலு வரியில் அவன் வாயே திறக்கவில்லை. பேசாத ரெனால்டைப் பற்றி எழுதி என்ன பிரயோஜனம்? அதனால் நான் சொல்லச் சொல்ல எழுத உட்கார்ந்த பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: அவன் பேசினதை எழுது, மற்றது அப்புறம்.

அவன் அம்மா, என் மகள், அவனுடைய ஒன்பது வயதில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் முக்கில் இருந்த வீடியோ கேம் கடையில்தான் கிடப்பான். நான் விளக்குமாற்றோடு போய் நின்றால், "ஆச்சி, ஒரே ஒரு ராட்சசன்தான் பாக்கி, கொன்னுட்டு வாரேன்" என்பான். கொல்லும்வரை நானும் நிற்பேன். வேறு என்ன செய்ய? அப்படித்தான் அவனுக்கு மிஷின் பைத்தியம் பிடித்தது. இருபது வயதில் அதே கடைக்காரரிடம் வேலை, இருபத்தைந்தில் சொந்தக் கடை.

ரிப்பேர் செய்வது அவனுக்குச் சின்ன வேலை. பெரிய வேலை, அபிப்பிராயம் சொல்வது. எந்த ஃபோன் வாங்கலாம், எந்த ஆப் திருட்டு ஆப், எந்த கேம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லுவான்.

எதிர் வரிசை லூசியம்மாள் ஒருநாள் ஃபோனில் எல்லாம் இடம் மாறிப்போய்விட்டது என்று தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் ஆரம்பித்தான்.

"அப்டேட் வந்திருக்கு பெரியம்ம. அப்டேட்டுன்னா என்னன்னு நெனைக்க? நீ வெளிய போயிருக்கும்போது வீட்ட வாடகைக்கு விட்டவன் பூட்டத் தொறந்து உள்ள வந்து, அடுப்ப இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு மாத்தி வச்சிட்டு, நல்லாருக்கான்னு ஒன்கிட்டயே கேக்கான்."

"ஏல, ஃபோனச் சரி பண்ணச் சொன்னா பிரசங்கம் பண்ணுதியே."

"கேளு பெரியம்ம. கேமும் அப்படித்தான். அந்தக் காலத்துல ஒரு கேம் வாங்குனா கடைசி ராட்சசன் வரைக்கும் அதுக்குள்ளயே இருப்பான். இப்ப கேம சும்மா தாரான். வாள் வேணுமா, காசு. உறை வேணுமா, காசு. செத்துட்டியா, எந்திரிக்கக் காசு."

"எந்திரிக்கவுமா? அப்ப ஆண்டவர் ஒருத்தர்தான் காசு கொடுக்காம எந்திரிச்சிருக்காரு போல" என்றாள் லூசியம்மாள். கடையே சிரித்தது. அவனும் சிரித்தான். ஃபோனில் பாட்டுக் கேட்க மாச வாடகை கட்டுகிறவர்களைப் பற்றி மட்டும் சிரிக்காமல் சொல்லுவான்: "வாடகை நின்ன அன்னைக்கு அவன் ஊமை வீட்டுலதான் இருப்பான்." அந்த வார்த்தை எனக்கு இப்போதும் நெஞ்சில் குத்தும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, ஃபோனில் ஒரு குரூப்புக்குப் பேசுவான். இருநூறு பேர் கேட்பார்கள், உல்லாஸ்நகர் வரைக்கும். எழுத மாட்டான், முகம் காட்ட மாட்டான், குரல் மட்டும். நல்ல குரல் அவனுக்கு. பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்றாலும் தனியாகக் கேட்கும்.

கொரோனா வந்த வருஷம் எனக்கு ஒரு பழைய ஃபோனைத் தட்டிச் சரி செய்து கொடுத்தான். எனக்கு எழுத்துத் தெரியாது. மணி அடித்தால் கூப்பிடுவது யார் என்று தெரியாது. அதற்கு அவன் ஒரு வழி செய்தான். கூப்பிடுகிற ஆளுக்கு ஆள் ஒரு மணி. மணி என்றால் அவன் குரல்தான். அவன் பெண்டாட்டி கூப்பிட்டால், "ஆச்சி, கிளாரா கூப்பிடுதா, எடு" என்று ஃபோன் கத்தும். என் இளைய மகள் கூப்பிட்டால், "ஆச்சி, கோவண்டி சித்தி, காதப் பொத்திக்கிட்டு எடு." தெரியாத நம்பர் என்றால், "ஆச்சி, யாரோ எவனோ, எடுக்காத, விட்டுரு." அவனே கூப்பிட்டால், "ஆச்சி, நாந்தான், எடு." இப்படிப் பதினொன்று. ஓய்வாக ஒரு மத்தியானம் உட்கார்ந்து பேசிப் பேசி ஏற்றினான். நான் பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நல்ல நாள் அது.

பிறகு லூசியம்மாளுக்கு அந்தக் கேடு வந்தது. குவைத்தில் இருக்கிற அவள் பேரன் குரலில் ஒரு ஃபோன். போலீஸ் பிடித்துக்கொண்டார்கள் என்று அழுதிருக்கிறான். தன் அடக்கச் செலவுக்கு வைத்திருந்ததை அப்படியே அனுப்பிவிட்டாள். பேரன் அங்கே நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். பேசினது மிஷின். எங்கேயோ போட்டிருந்த கல்யாண வீடியோவில் இருந்து குரலை எடுத்து மிஷினுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று ரெனால்ட் கண்டுபிடித்தான்.

அன்றிலிருந்து அவன் ஆளே மாறிவிட்டான். "குரலும் கைரேகை மாதிரிதான் ஆச்சி. எவன் கையிலயும் குடுக்கக் கூடாது" என்றான். குரூப்பில் அவன் பேசுவது ஒரே நாளில் அழிந்து போகும்படி வைத்தான். பழையதையெல்லாம் துடைத்தான். தன் கல்யாண வீடியோவில்கூட பேச்சை எடுத்துவிட்டு வெறும் பாட்டைப் போட்டான். கடைசியாக என் ஃபோனுக்கு வந்தான்.

"ஆச்சி, தா. அந்த சத்தத்த எல்லாம் எடுத்துட்டு சாதா மணி வச்சித் தாரேன்."

"சாதா மணி அடிச்சா யாருன்னு ஒன் தாத்தாவா வந்து சொல்லுவாரு?"

"ஆளுக்கு ஒரு படம் வச்சித் தாரேன்."

"நான் கண்ணாடியத் தேடிப் போட்டு படத்தப் பாக்குறதுக்குள்ள மணி நின்னுரும். போலே அங்கிட்டு."

ஃபோனை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். மூன்றாம் நாள் அவனே மீன் வாங்கிக்கொண்டு வந்தான். "ஊருக்கெல்லாம் என் சட்டம், இந்தக் கிழவிக்கு மட்டும் கிடையாது" என்று கிளாராவிடம் சொன்னான். அதோடு அதை மறந்துவிட்டான்.

போன வருஷம் மழை தொடங்கும்போது அவனுக்குக் குரல் கம்மியது. ஈரம் என்று நினைத்தோம். கடைக்குப் பின்னால் நின்று பிடித்த சிகரெட்டை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, குரல்வளையையே எடுத்தால்தான் உயிர் தங்கும், பத்து நாளில் ஆபரேஷன் என்றார்கள். கிளாராவுக்கு அப்போது நாலாம் மாதம். ஏழு வருஷம் கழித்து உண்டான பிள்ளை.

டாக்டரம்மா நல்ல மனுஷி. கூட இன்னொன்றும் சொன்னார்கள். இப்போதே கொஞ்ச நேரம் பேசிப் பதிந்து வைத்தால், பிறகு அவன் டைப் அடிப்பதை அவன் குரலிலேயே ஃபோன் பேசும், அதற்கு ஒரு கம்பெனி இருக்கிறது என்று. லூசியம்மாளை ஏமாற்றினது எதுவோ அதேதான் இதுவும் என்று எனக்கே விளங்கியது. ஆனால் எனக்கு என்ன? திருடன் கையில் இருந்தாலும் கத்தி கத்திதான், வெங்காயம் நறுக்கலாம்.

"பேசி வைல, பிறக்கப்போற பிள்ளைக்கு வேணும்" என்றேன்.

"கம்பெனிக்காரன் மிஷின்ல என் தொண்டைய வச்சிட்டு மாசாமாசம் வாடக கட்டச் சொல்லுதியா? அவன் கடைய மூடிட்டா?"

"ஏங்க, மூடும்போது பாத்துக்கலாம்" என்றாள் கிளாரா.

"நம்ம கம்ப்யூட்டர்லயே ஓடுற மாதிரி ஒண்ணு இருக்கு. நான் ஏத்துதேன். டென்ஷன் ஆகாதீங்க."

அவன் சும்மா இருக்கவில்லை. அதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்ல வேண்டும். பத்து நாளில் ஏழு நாள் கடையில் உட்கார்ந்து, தன் கையை விட்டுப் போகாத ஒன்றைத் தேடினான். ஒன்று ஓடவில்லை, இன்னொன்றுக்குத் தமிழ் தெரியவில்லை. கம்ப்யூட்டருக்குச் சக்தி போதாது என்று யாரிடமோ ஒரு பாகம் இரவல் வாங்கி வந்து மாட்டினான். எட்டாம் நாள் ஒருவழியாக ஓடியது. மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தொண்டையில் இருந்து தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம்தான் வந்தது. குரல் தெளிவாக இல்லை, மறுபடி பேசவும் என்று மிஷின் திரும்பத் திரும்பக் கேட்டது. அவன் திரும்பத் திரும்பப் பேசினான். கிளாரா எழுந்து வெளியே போய்விட்டாள்.

"மிஷின் கிடக்கட்டும். இருக்கிற குரல்ல ரெண்டு வார்த்த ஃபோன்ல பேசி வைல. பிள்ளைக்கு ஒரு பேர வச்சி ஒருவாட்டி கூப்பிடு, அது போதும்."

அவன் தலையை ஆட்டினான். "இந்தக் குரல எம் பிள்ள கேக்க வேண்டாம் ஆச்சி" என்றான். என்னிடம் அவன் வாயால் சொன்ன கடைசிப் பெரிய வாக்கியம் அதுதான். கன்னத்தில் ஒன்று போட்டுப் பேச வைத்திருக்கலாம். போடவில்லை. அதற்கு நானும் ஆண்டவரிடம் பதில் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் அன்று என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் ஜெபித்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஃபோன் அடித்தது.

"ஆச்சி, கிளாரா கூப்பிடுதா, எடு."

தெளிவான குரல். கீரை ஆய்ந்த அன்றைய குரல். எடுத்தேன். "ஆச்சி, ஆபரேஷன் முடிஞ்சிட்டு. குரல எடுத்துட்டாங்க" என்றாள் கிளாரா. அவன் குரலே என்னைக் கூப்பிட்டு, அவன் குரல் போய்விட்டது என்று கேட்க வைத்தது. 

கழுத்தில் ஓட்டையோடு வீட்டுக்கு வந்தான். கழுத்தில் வைத்து அழுத்திப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அது வண்டு மாதிரி இரைந்தது. எனக்குக் காது மந்தம், ஒரு சொல் பிடிபடவில்லை. அவன் எழுதிக் காட்டுவான், எனக்கு வாசிக்கத் தெரியாது. எழுத்தில்லாத நானும் குரலில்லாத அவனும் ஒரே ரூமில் எதிர் எதிரே உட்கார்ந்திருந்தோம். அவன் டைப் அடித்ததும் ஃபோனில் இருந்து எவளோ ஒருத்தி, "நீங்கள் உணவு அருந்தினீர்களா?" என்றாள்.

"இவ யாருல? எங்க வீட்டுல எவனும் இப்படிப் பேச மாட்டான். இவளுக்கு நான் பதில் சொல்லமாட்டேன்."

அவன் தோள் குலுங்கியது. சிரித்தானா அழுதானா, சத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தெரிவதில்லை.

நான் எழுந்து, ஜாக்கெட்டுக்குள் இருந்த என் ஃபோனை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். கிளாராவிடம், "ஏட்டி, நீ கூப்பிடு" என்றேன். ஃபோன் கத்தியது. அவன் தன் குரலைக் கேட்டான். பதினொன்றையும் கேட்டான். அழித்துவிடுவானோ என்று கிளாரா ஃபோன் மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். அவன் அதை வாங்கி, வழக்கம்போல மோந்து பார்த்தான். பாட்டரியை மாற்றினான். பதினொன்றையும் மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்தான்.

அந்தப் பதினொன்றை வைத்து மிஷினைப் பேச வைக்கவும் பார்த்தான். போதவில்லை. யாரோ ஒருவன் என் பேரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்ற மாதிரி ஒரு குரல் வந்தது. அதை அவனே அழித்தான்.

மார்கழியில் பிள்ளை பிறந்தான். ஞானஸ்நானத்தில் எங்கள் பாதிரி ஐயர், "பிள்ளைக்குப் பெயர் சொல்லுங்கள்" என்று தகப்பன் முகத்தைத்தான் பார்த்தார். பழக்கம். ரெனால்ட் கருவியைக் கழுத்துக்குக் கொண்டுபோய்விட்டுக் கீழே இறக்கினான். கிளாரா சொன்னாள்: "கிறிஸ்டோ." பதினோரு வரியில் அந்தப் பெயர் இல்லை. எங்கே இருக்கும்?

இப்போது அவன் கடையில் இருந்து ஒரு தடவை கூப்பிட்டால் சாப்பாட்டுக்கு வருகிறான் என்று எனக்கு அர்த்தம். நான் எடுப்பதில்லை, சோற்றைப் போட்டு வைப்பேன். சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு இன்னொரு தடவை கூப்பிடுவான். அது எனக்கு இல்லை. என் ஃபோன் தரையில் கிடக்கும்.

"ஆச்சி, நாந்தான், எடு."

பிள்ளை எங்கே இருந்தாலும் தவழ்ந்து அந்த ஃபோனிடம் போகும். கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொண்டு சிரிக்கும். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிற தகப்பனைத் திரும்பிப் பார்க்காது. முதல் நாள் நான் பிள்ளையின் முகத்தை அவன் பக்கம் திருப்பப் போனேன். வேண்டாம் என்று ரெனால்ட் கையைக் காட்டினான்.

மணி முழுக்க அடித்து ஓயும். பிள்ளை ஃபோனைத் தட்டும். அவன் மறுபடி கூப்பிடுவான்.

நான் எடுப்பதில்லை. எடுத்தால் அந்தக் குரல் நின்றுவிடும்.