மூன்று மருத்துவர்களும் என் கழுத்துக் கட்டியும்

தாலிச் சங்கிலியைச் சரிசெய்தபோதுதான் கழுத்தில் அந்தக் கட்டி விரலில் தட்டுப்பட்டது. வலி இல்லை. அப்போது சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். வாட்ஸப் எல்லோர் கைக்கும் வந்திருந்த புதிது. கட்டி இருந்தது தைராய்டு சுரப்பியில் என்றார்கள்; அதைப் பற்றி வாட்ஸப்பில் வராத பயமுறுத்தல் இல்லை.

கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சிச் சோதித்ததில் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. மூன்று மருத்துவர்களிடம் போனோம். கடலூர் டாக்டரம்மா, பெரும்பாலும் ஒன்றுமிருக்காது என்றார். புதுச்சேரிக்காரர், புற்றாக இருக்க வாய்ப்பு உண்டு என்றார். சென்னைக்காரர் எடுத்துவிடுவதே நல்லது என்றார். எடுத்தால் குரல் போய்விடுமோ என்பது என் பயம். பண்ருட்டி தாண்டும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

என் கணவர் சுரங்கத்தில் நிலத்தடி நீரைக் கவனிக்கும் பிரிவில் இருந்தார். எங்கே துளை போட்டால் தண்ணீர் பீறிடும் என்று பலரைத் தனித்தனியாகக் கேட்டு முடிவெடுப்பது அவர் வேலை.

"பெரும்பாலும்னா எவ்வளவு? உன்ன மாதிரி நூறு பேர் வந்தா எத்தன பேருக்கு இருக்கும்னு கேட்டுடுவோம்" என்றார்.

கேட்டோம். கடலூரில் பத்து என்றார்கள். புதுச்சேரியில் பதினைந்து. நேர் எதிராகப் பேசுகிறார்கள் என்று நான் நினைத்த இருவரும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லியிருந்தார்கள். சென்னையில் மட்டும் நாற்பது. மூன்றையும் கூட்டி வகுத்துவிடச் சொன்னான் என் தம்பி. நாற்பது ஏன் என்று தெரியாமல் வகுக்கக் கூடாது என்றார் இவர்.

காரணம் கேட்டு மறுபடி போனபோது சென்னை மருத்துவர் சலித்துக்கொள்ளவில்லை. தாம் எடுத்த புது ஸ்கேனில் கட்டிக்குள் பொடிப்பொடியாகத் தெரிந்த சுண்ணாம்புப் புள்ளிகளைக் காட்டி, அவை புற்றின் அறிகுறியாக இருக்கலாம் என்றார். மற்ற இருவரும் பார்த்தது பழைய படம், அதுவும் ஒரே படம். அதனால் அவர்கள் சொன்னதை இரண்டு தனித்தனிக் கருத்தாக எண்ண முடியாது என்று என் கணவர் விளக்கினார்.

புதுப் படத்தோடு கடலூருக்குக் கிளம்பினோம். சென்னையில் நாற்பது என்றதை அங்கே சொல்லக் கூடாது என்றார் இவர். குள்ளஞ்சாவடியில் பஸ் நின்றபோது ஏன் என்று கேட்டேன்.

"சொல்லிட்டா அவங்க படத்தப் பாக்க மாட்டாங்க. அந்த நம்பரத்தான் பாப்பாங்க."

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், போன தடவ சொன்னத மாத்திக்கிறேன். முப்பதுன்னு வச்சுக்கங்க. என் தங்கச்சியா இருந்தா எடுத்துடுன்னுதான் சொல்லுவேன்."

தம் வாக்கை மாற்றிக்கொள்ள அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. முப்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில், மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டோம். அது நான் தாங்கக்கூடிய பயமாக இருந்தது. அன்று இரவு தூங்கினேன்.

சென்னையில் சுரப்பியின் ஒரு பாதியை எடுத்தார்கள். புற்று இல்லை என்று முடிவு வந்தது. அப்படியானால் கடலூரில் முதலில் சொன்னதுதானே சரி என்று தம்பி கேட்டான். மூன்றில் ஒன்று என்றால் மூன்றில் இரண்டு பங்கு இப்படி முடியும் என்றுதானே பொருள் என்றார் இவர். எனக்கும் யாரும் தவறியதாகத் தோன்றவில்லை.

சில மாதங்கள் குரல் கரகரத்தது. பிள்ளைகள் பெஞ்சுகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். பலாப்பழம் ஒன்றை வாங்கிக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். அவர் பழத்தை ஓரமாக வைத்துவிட்டு, ரிப்போர்ட்டைக் கடைசி வரிவரை படித்தார். "இன்னிக்கு எனக்கு நல்லா சாப்பாடு எறங்கும்" என்றார்.