பேக்டரிக்காரர் தந்த மைக் செட்

மஞ்சூரில் மெட்டில்டா மைக்கைப் பிடித்தால் சுற்றுவட்டாரமே காதைத் தீட்டிக்கொள்ளும். கணவன் பாலன் ஜீப்பை ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து அறிவிப்புச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. இன்னார் இறந்துவிட்டார், மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது, இன்றைக்கு பஸ் வராது, எதுவானாலும் மெட்டில்டா சொன்னால் சரி, மறுபேச்சுக் கிடையாது. அந்த நம்பிக்கை போய்விட்டால் ஜீப்பை விற்றுவிட்டு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளப் போக வேண்டியதுதான். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்தில் கிடந்த சமயத்தில் பேரூராட்சித் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்கு நின்ற உருளைக்கிழங்கு வியாபாரி செல்லக்கண்ணு, மெட்டில்டாவைத்தான் பிரசாரத்துக்கு அமர்த்தினார். தேயிலை பேக்டரி முதலாளிகளிடம் கை நீட்டாத வேட்பாளர் என்று சொல்லச் சொன்னார். அவளும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். தேயிலை விவசாயிகளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பின்னே? பேக்டரிக்காரன் காசில் ஜெயித்தவன், விலையை ஏற்றிக் கொடு என்று நாளைக்கு அவன் முன்னாலேயே வாய் திறப்பானா, நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்ச நாளில் பேச்சு மாறிற்று. பெரிய பேக்டரிகளிடம்தான் வாங்கமாட்டாராம், சின்ன பேக்டரிக்காரர்கள் நம்ம ஆட்களாம். சரியென்று அதையும் சொன்னாள். அப்புறம், பணமாகத்தான் வாங்கமாட்டாராம், டீசல் போட்டுக் கொடுத்தால், பந்தல் போட்டுக் கொடுத்தால் அது அன்பளிப்பாம். கடைசியில் அந்தப் பக்கத்திலேயே பெரிய பேக்டரி வைத்திருந்த இராஜமாணிக்கம் மேடையேறி செல்லக்கண்ணுவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் தருவது பேக்டரிப் பணம் இல்லையாம், சொந்தப் பணமாம். அடேங்கப்பா, அந்த மனுஷனுக்கு பேக்டரியை விட்டால் சொந்தமென்று வேறு என்ன இருக்கிறது?

மெட்டில்டாவுக்கு எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது. வீட்டுக்குப் போனதும் செல்லக்கண்ணு மாதிரியே துண்டை உதறிப் போட்டுப் பேசிக் காட்டி, பாலனை வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பாள்.

அந்தச் சிரிப்புக்கு இராஜமாணிக்கம் வேட்டு வைத்தார். அவளுடைய பழைய மைக் செட் மழையில் நனைந்து நனைந்து கரகரத்துக்கொண்டிருந்தது. அவர் புத்தம் புது செட் ஒன்றை வீட்டுக்கே அனுப்பிவைத்தார். மெட்டில்டா முதலில் வேண்டவே வேண்டாம் என்றாள். பிறகு, தேர்தல் முடிகிறவரை இரவல்தானே என்றாள். சும்மா கிடந்தால் கெட்டுப்போகும் என்று அதை ஜீப்பில் மாட்டச் சொன்னாள். இராஜமாணிக்கத்தின் வீட்டம்மா தெரிந்தவர்தான், அந்த அம்மா கொடுத்ததாக வைத்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள்.

பாலன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"செல்லக்கண்ணு அண்ணனுக்கு இதுக்கு வாரக்கணக்குல ஆச்சு. நீ ஒரே பொழுதுல முடிச்சுப்போட்டியே புள்ள."

அவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஊர் நம்புகிற வாயை ஒரு மைக் செட்டுக்கு விற்றுவிட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. திருப்பிக் கொடுக்கவும் மனசு வரவில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும். அவ்வளவு கணீரென்ற செட் அது.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். செல்லக்கண்ணு ஜீப்பின் பின்புறம் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். மெட்டில்டா மைக்கை எடுத்தாள்.

"ஏனுங்க, எல்லாரும் கொஞ்சம் கேட்டுக்குங்க. இந்தப் புது மைக் செட்டு பேக்டரி இராஜமாணிக்கம் அய்யா குடுத்ததுங்க. நானும் வாங்கிப்போட்டேனுங்க. ஈரமா இருக்குதுன்னு பேக்டரியில நம்ம தேயிலைக்கு எடை கழிக்கறாங்கல்லீங்க, அதாட்டம் இதுல நான் பேசறதுலயும் கொஞ்சம் கழிச்சுட்டுக் கேளுங்க."

பஸ் ஸ்டாண்டே குலுங்கிச் சிரித்தது. கொழுந்துச் சாக்கோடு நின்ற ஒரு அம்மாள், சரி, அவருக்கு எவ்வளவு கழிப்பது என்று செல்லக்கண்ணுவைக் காட்டிக் கேட்டாள். அவர் கும்பிட்ட கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

சாயங்காலமே பேக்டரி ஆள் வந்து செட்டைக் கழற்றினான். மெட்டில்டா அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து, ஸ்பேனரையும் எடுத்துக் கொடுத்தாள். செல்லக்கண்ணு வேறு ஜீப் பிடித்துக்கொண்டார். ஜெயித்தாரா என்றால், ஜெயித்தார். ஆனால் அதற்கப்புறம் எந்தக் கூட்டத்தில் பேச எழுந்தாலும், எவ்வளவுங்க கழிக்கணும் என்று யாராவது ஒருத்தர் கேட்காமல் விட்டதில்லை.

பழைய செட்டோடு மெட்டில்டா மறுபடி கிளம்பிய அன்று அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. தன் பேச்சிலும் ஊர் கழிக்க ஆரம்பித்திருந்தால்? ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்திருக்கிறது என்று கரகரத்த செட்டில் சொன்னாள். இன்னொரு தரம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் தெருவில் கதவுகள் திறந்தன. பெண்கள் கேனைத் தூக்கிக்கொண்டு ஜீப்பை முந்தி ஓடியதில் பாலன் பிரேக் போட்டு நிறுத்த வேண்டியதாயிற்று.