தண்ணிக்காரரின் பகல் தூக்கம்

தண்ணிக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக, நீள இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக வால்வு திறந்து மூடுவதுதான் அவர் வேலை. மேலிடத்துப் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷர் அந்தத் திங்கட்கிழமை முடியாது என்றார்.

விஷயம் இதுதான். கடைசித் தெருக்காரர்கள் வீட்டைக் காலி செய்ய மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். காலி செய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும்வரை அவர்களுக்குத் தண்ணீர் கிடையாது என்று இன்ஜினியரின் உத்தரவு. அவருடைய அக்காவும் அங்கேதான் குடியிருந்தாள். "அக்கா அங்க இல்லாட்டியும் மூட மாட்டேன் சார். குடிக்கிற தண்ணி" என்று சொன்னதோடு எழுதியும் கொடுத்தார்.

இன்ஜினியர் கோபப்படவில்லை.

"வேற ஆளெல்லாம் தேட வேண்டாம். நீங்களே மூடிடுவீங்க. போய்த் தூங்குங்க."

மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவர் மூன்று மணிக்கு எழுந்தபோது உள்ளங்கையெல்லாம் துரு. வாசல் கதவு திறந்து கிடந்தது. கடைசித் தெருவுக்கு ஓடினார். வால்வு மூடியிருந்தது, அவர் வழக்கமாக மூடுகிற மாதிரியே, கடைசியில் கால் சுற்று கூடுதலாக.

"நீதானேடா வந்து மூடின?" என்றாள் அக்கா. "கூப்பிடக் கூப்பிடத் திரும்பல. கண்ணு தெறந்துதான் இருந்துச்சு. பாக்கவே பயமா இருந்துச்சு."

அடப்பாவமே! வாய் மாட்டேன் என்றது, கை பாட்டுக்குப் போய் வேலையை முடித்துவிட்டு வந்திருக்கிறது. திறந்துவிட்டு வந்தார். மறுநாள் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்தார். மறுபடியும் துரு.

மூன்றாம் நாள் காலையில் வால்வைத் திறந்துவிட்டு, சாவியை அக்காவிடம் நீட்டினார். அந்த வால்வுக்குப் பொருந்துவது அது ஒன்றுதான். "உள்ள வைக்கா. யாரு கேட்டாலும் குடுக்காத. நானே வந்து கேட்டாலும்."

"லூசாடா நீ?" என்று சிரித்தவள், தம்பி சிரிக்காததைப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அவர் கண் விழித்தது படுக்கையில் இல்லை. கொளுத்தும் வெயிலில், வெறுங்காலோடு, அக்கா வீட்டு வாசலில் நின்றிருந்தார். கதவைத் தட்டித் தட்டி விரல்களில் தோல் உரிந்திருந்தது. அவருடைய தொண்டையே, அவருக்கு என்றுமே வராத பொறுமையோடு, "சாவியக் குடுக்கா, உத்தரவு" என்று சொல்லி முடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"மாட்டேன்!" அக்கா அழுதுகொண்டே கத்தினாள். "நீ யாரா வேணா இரு. என் தம்பி குடுக்காதன்னு சொல்லியிருக்கான்."

நான்தான்க்கா என்று சொல்ல வாயைத் திறந்தார். இந்தக் குரலுக்கு அவள் ஒருநாளும் கதவைத் திறக்கக் கூடாது. வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் படி இறங்கினார்.