கைக்காத கசாயம்

மாமியின் அகப்பை சிரட்டையில் செய்தது. அதைக் கையில் பிடித்தபடி குசினி வாசலில் நின்று அவர் ஒரு கேள்வி கேட்பார். பெண்களிடம் மட்டும் கேட்பார். "பிள்ளை, நாள் தள்ளிப் போச்சோ?" இல்லை என்ற பதில் வந்த பிறகுதான் அகப்பை பானைக்குள் இறங்கும். பானைக்குள் இருப்பது ஆடாதோடைக் கசாயம். இருமலுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை என்பார். அதைவிடப் பொல்லாத மருந்தும் இல்லை என்று அடுத்த மூச்சிலேயே சொல்லுவார்.

மாமி எனக்கு உறவு இல்லை. அந்த வீட்டில் எல்லாருக்கும் அவர் மாமிதான். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் வீடு. கணவர் செத்த பிறகு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். கீழே ஆண்கள், மேலே பெண்கள். எல்லாரும் சண்டைக்குள்ளால் வடக்கிலிருந்து வந்தவர்கள். சிலர் விசாவுக்குக் காத்திருந்தார்கள். சிலர் எதற்குக் காத்திருந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. நான் காலி வீதியில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கினேன். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. கீழே படிக்கட்டோடு ஒட்டிய அறை எனக்கு.

மழை தொடங்கினால் அந்த வீடு முழுக்க இருமும். கடல் ஈரம், நெருக்கம், காயாத உடுப்பு. ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வரும். கிணற்றடி மதிலோரம் மாமி ஆடாதோடை நட்டிருந்தார். இலையைக் கழுவி, மிளகும் சுக்கும் தட்டிப் போட்டு, தண்ணீர் நன்றாக வற்றும் வரை காய்ச்சுவார். சீனி போடமாட்டார். ஆளுக்குக் கால் தம்ளர்தான். கூடக் கேட்டால், "சத்தி எடுக்க ஆசையோ?" என்பார்; கூடினால் வாந்தி வரும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டார். மூன்று நாள் குடித்தும் இருமல் நிற்காவிட்டால், சளியில் இரத்தம் கண்டால், டொக்டரிடம் போ என்று துரத்திவிடுவார். பிள்ளை வயிற்றில் இருந்தால் வாசமும் பிடிக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். தன்னுடைய முதல் பிள்ளை இந்தக் கசாயத்தால்தான் கலைந்தது என்று அவர் நம்பினார். டொக்டர் அப்படிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் இலை ஆயும்போது, தலையை நிமிர்த்தாமல், அதை என்னிடம் ஒரே வசனத்தில் சொன்னார். பிறகு சொன்னதில்லை.

அதனால் எல்லாருக்கும் அந்தக் கேள்வி. வயது பார்ப்பதில்லை, தாலி பார்ப்பதில்லை. மேல்மாடியில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் இருந்தார். அவர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "மாமி, எனக்கு நாப்பத்தெட்டு வயசு. கலியாணமும் கட்டேல்லை" என்றார். "நான் வயசைக் கேக்கேல்லை ரீச்சர். நாளைக் கேட்டனான்" என்றார் மாமி. முற்றத்தில் நின்ற ஆண்கள் சிரித்தோம். தம்ளரோடு வரிசையில் நிற்பதும், அந்தக் கேள்வியும், பெண்கள் முகம் சிவப்பதும் எங்களுக்கு மாலைநேரப் பொழுதுபோக்கு. அன்றைக்கு அதில் பயப்பட ஒன்றும் தெரியவில்லை.

மேல்மாடிப் பின் அறையில் ஒரு பெண் இருந்தாள். இருபத்திமூன்று, இருபத்திநாலு வயது இருக்கும். நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். புருஷன் சவூதிக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்று வந்த அன்றே சொன்னாள். வடக்கிலிருந்து வந்தவர்கள் செய்யவேண்டிய பொலிஸ் பதிவிலும் அப்படித்தான். அந்த மழைக்கு அவளுக்குத்தான் கடுமையான இருமல். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவாள். ஒரு பின்னேரம் அவளும் தம்ளரோடு வரிசைக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் முன் அறைக் கிளாக்கர் ஐயா நின்றார். புதுக்கடைக் கோட்டில் வழக்குப் பேசும் ஓர் அப்புக்காத்தரிடம் கிளாக்கராக இருந்தவர். கோட்டில் யாரை ஏற்றினார்கள், யாரை எங்கே மாற்றினார்கள் என்று பின்னேரத்தில் கதை கொண்டுவருவார். பகிடிக்காரர். பொலிஸ்காரரோடு சிங்களத்தில் சிரித்துக் கதைப்பார். அந்தச் சிரிப்பால் எங்களில் சிலர் தப்பியதும் உண்டு. ஆனாலும் அவர் வந்தால் கதை கொஞ்சம் குறையும்.

"பிள்ளை, நாள் தள்ளிப் போச்சோ?"

"இல்லை மாமி."

அவள் டக்கென்று சொன்னாள். அகப்பை இறங்கவில்லை. மாமி அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கழுத்தடியைப் பார்த்தார். அங்கே என்ன தெரிந்ததோ, பெண்களுக்குத்தான் தெரியும். கொடுக்காமல் விட்டால் ஏன் கொடுக்கவில்லை என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் விளங்கும். புருஷன் ஒரு வருஷமாகச் சவூதியில். கொடுத்தால் பிள்ளை போகும். மாமி அகப்பையை இறக்கி, ஊற்றினார். அவள் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோக முதல் பறித்து மேடையில் வைத்தார். "கொதிக்குது. ஆறவிட்டுக் குடியும்" என்றார். பிறகு கிளாக்கர் ஐயாவின் தம்ளரை வாங்கினார்.

அன்று பொழுதுபட முதல் மாமி கடைக்கு வந்தார். கொத்தமல்லி கேட்டார். கொஞ்சம் பனங்கட்டியும் கேட்டார். "தம்பி, இதைப் பற்றி ஒருத்தரிட்டையும் வாய் திறக்காதை" என்றார். நான் கடதாசிச் சரையில் சுற்றிக் கொடுத்தேன். அவள் தன்னிடம் சொன்ன மிச்சத்தைப் பிறகுதான் சொன்னார். புருஷன் சவூதியில் இல்லை. கொழும்பில்தான் வேறு பெயரில் நிற்கிறான். ஊரில் ஒரு சுற்றிவளைப்பில், ஆளைக் காட்டிக்கொடுக்க ஆமி முகமூடி போட்டுக் கொண்டுவந்த தலையாட்டி அவனைப் பார்த்துத் தலையை ஆட்டியிருந்தான். மதில் பாய்ந்து தப்பினவன். என்ன செய்தான், செய்யவில்லை என்று மாமியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று வெளியே தெரிந்தால் அவன் கிட்டத்தில் இருக்கிறான் என்பதும் தெரிந்துபோகும். அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த நாளிலிருந்து அவளுடைய தம்ளருக்குள் வேறு ஒன்று போனது. மாமி வழக்கம்போலக் கேள்வி கேட்டார். அவள் வழக்கம்போல இல்லை என்றாள். அகப்பை பானைக்குள் போனது. ஆனால் தம்ளரைச் சேலைத் தலைப்பால் துடைக்கிற சாட்டில் உள்ளே கொண்டுபோய், சின்னக் கேத்தலில் இருந்த கொத்தமல்லித் தண்ணீரை ஊற்றிக் கொண்டுவந்தார். நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொடுக்கும்போது வாய்க்குள்ளே, "முகத்தைச் சுழியும் பிள்ளை, கைக்கிற மாதிரி" என்றார். அவள் சுழித்தாள். முதல்நாள் கொஞ்சம் கூடவே சுழித்தாள். "மெல்லக் குடியும் பிள்ளை, அது கள்ளில்லை" என்று கிளாக்கர் ஐயா பகிடி விட்டார். எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தத் தண்ணீரில் இனிப்புக்குப் பனங்கட்டி போட்டதற்குக் காரணம் உண்டு. அவளுக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. வெறும் கொத்தமல்லியையும் சத்தி எடுத்தாள். மாமிக்குப் பாவமாக இருந்தது.

குடித்த தம்ளர்களைக் கழுவக் கிணற்றடிக் கல்லில் வரிசையாக வைப்பது வழக்கம். ஒரு பின்னேரம் மழை விட்டிருந்தது. கிளாக்கர் ஐயா கால் கழுவ வந்தவர், குனிந்து ஒரு தம்ளரைத் தூக்கினார். விளிம்பு முழுக்க எறும்பு. மற்றத் தம்ளர்களில் ஒரு எறும்பும் இல்லை. அவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாமி, பின் அறைப் பிள்ளையின்ர கசாயம் மட்டும் இனிக்குது போல?"

ரீச்சர்தான் முதலில் சிரித்தார். "மாமிக்கு அவ செல்லப் பிள்ளை" என்றார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. ஏன் அவளுக்கு வேறு கசாயம் என்று ஒவ்வொருவராக யோசிப்பது எனக்குத் தெரிந்தது. மாமி ஏன் அந்தக் கேள்வி கேட்கிறார் என்று தெரியாதவர் அங்கே இல்லை. கிளாக்கர் ஐயா தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

மறுநாள் காலையே மாமி அவளை என்னோடு அனுப்பினார். கொட்டாஞ்சேனையில் அவருக்குத் தெரிந்த ஒரு மருத்துவிச்சி இருந்தார், கத்தோலிக்கர். அங்கே விட்டுவிட்டு வரச் சொன்னார். ஒரு சின்னப் பையோடு, ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரிப் போனோம். பஸ்ஸில் தமிழில் கதைக்கவில்லை. கொள்ளுப்பிட்டி தாண்டியதும் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கி வரிசையாக விட்டார்கள். ஆமிக்காரப் பெடியன் அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு இருமல் பிடித்தது. நிற்கவில்லை. கண்ணால் தண்ணீர் வந்தது. மற்றக் கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். எடு கையை என்று மனதுக்குள் கத்தினேன். அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். "நங்கி, கொத்தமல்லி டிகக் பொண்ட" என்றான். தங்கச்சி, கொஞ்சம் கொத்தமல்லி குடி என்கிறான். அவனுக்கும் வீட்டில் யாராவது காய்ச்சிக் கொடுத்திருப்பார்கள். "ஹொந்தய்", சரி, என்றாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கையை வயிற்றிலிருந்து எடுத்தாள்.

மருத்துவிச்சி வீட்டு வாசலில் வைத்துத்தான் மிச்சத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் அவன் வெள்ளவத்தைக் கோயிலுக்கு வருவான். தேங்காய் உடைக்கிற இடத்தில் நிற்பான். அவளைக் காணாவிட்டால் தேடி வந்துவிடுவான், பொறுமை இல்லாதவன். "இடது புருவத்தில வெட்டுக்காயம் இருக்கு அண்ணா. கறுப்புக் குடை வைச்சிருப்பார். வீட்டுப் பக்கம் வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நான் இஞ்சை நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ." ஓம் என்றேன்.

வியாழக்கிழமை விடியப்புறம் பொலிசும் ஆமியும் வந்தார்கள். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மறித்து, வீடு வீடாக. எங்கள் வீட்டில் மட்டும் நேரே மேல்மாடிக்கு ஏறினார்கள். பின் அறையைத் திறந்தார்கள். அவளுடைய பெயரைச் சொல்லி, அவளுடைய மனிசன் எங்கே என்று மாமியிடம் கேட்டார்கள். ஊருக்குப் போய்விட்டாள் என்றார் மாமி. கீழே இருந்த ஆண்கள் எல்லாரையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். கிளாக்கர் ஐயாவையும் ஏற்றினார்கள். அவர் சிங்களத்தில் என்னவோ சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சேட்டைப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க நான் சீமெந்துத் தரையில் குந்திக்கொண்டிருந்தேன். கோயில் மணி கேட்காத இடம் அது. பின்னேரப் பூசைக்கு நேரமாகிறது என்று வெளிச்சத்தைப் பார்த்து நினைத்தேன். வேறு என்ன செய்யலாம்.

அவன் வந்தான். இது மாமி சொல்லித் தெரியும். கோயிலில் ஆளைக் காணாமல் நேரே வீட்டுக்கு வந்து கேற்றைத் தட்டினான். எதிர்ச் சுவரோடு சிவில் உடுப்பில் இரண்டு பேர் விடியத் தொடக்கம் நிற்பது மாமிக்குத் தெரியும். மாமி அவனை முன்பின் கண்டதில்லை. புருவ வெட்டைப் பற்றி அவள் முன்பே சொல்லியிருந்தாள்; பார்த்ததும் விளங்கியது. அவன் மனைவியின் பெயரைச் சொல்லி, "இருக்கிறாவோ?" என்றான்.

"ஆரைக் கேக்கிறீர்? அப்பிடி ஒருதரும் இஞ்சை இல்லை. போம்."

கடுமையாகச் சொன்னாராம். அவன் ஒரு கணம் அவருடைய கண்ணைப் பார்த்தானாம். பிறகு குடையை விரித்துக்கொண்டு, ஓடாமல், மெல்லத் திரும்பி நடந்தானாம். ஒழுங்கை முகப்பில் ஒரு வான் நின்றது. அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் யாரும் இல்லை. எத்தனையோ இடத்தில் தேடினார்கள். அவள் தேடாத முகாம் இல்லை.

எங்களைச் சில கிழமைகளில் விட்டார்கள். கிளாக்கர் ஐயாவும் எங்களோடுதான் வந்தார். அவருடைய முதுகை நான் பார்த்தேன், என்னுடையதைப் போலத்தான் இருந்தது. நெஞ்சு பிடித்து இருமிக்கொண்டு வந்தார். மாமி அவருக்கும் கால் தம்ளர் கசாயம் கொடுத்தார். அவர் குடித்தார். அடுத்த மாதம் அவர் வேறு இடம் பார்த்துப் போனார். அவர்தான் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எறும்பை நாங்கள் எல்லாரும்தான் பார்த்தோம். எல்லாரும்தான் ஒழுங்கைக் கடைகளில் நின்று கதைக்கிறவர்கள். மாமி யாரையும் குற்றம் சொன்னதில்லை. ஒரே ஒருமுறை, அடுப்படியில் என்னிடம், "பனங்கட்டியைப் போட்டிருக்கக் கூடாது" என்றார்.

கொட்டாஞ்சேனையில் பிள்ளை சுகமாகப் பிறந்தது. பெண் பிள்ளை. மாமி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்ல நிறை" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மழைக்கும் வீடு இருமியது. மாமி கசாயம் காய்ச்சினார். ஆனால் வரிசை இல்லை. பெண்களை ஒவ்வொருவராகக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். உள்ளே என்ன கேட்டார், என்ன பதில் சொன்னார்கள், யாருக்கு எந்தப் பானையிலிருந்து ஊற்றினார் என்று வெளியே தெரியாது. தம்ளரையும் உள்ளேயே கழுவிக் கொடுத்து அனுப்பினார். ஆண்கள் மழைக்குள் நின்று முணுமுணுத்தோம். புதிதாக வந்தவர்கள் மாமிக்கு மண்டை பிசகிவிட்டது என்றார்கள். அவர் சாகும்வரை அப்படித்தான் கொடுத்தார்.

போன கிழமை என் மருமகளுக்கு இருமல். மகன் பாமசியில் ஆடாதோடைச் சிரப் வாங்கி வந்தான். போத்தலில் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. எனக்குக் கண் பத்தாது. "அவளிட்டைக் கேட்டுப் போட்டுக் குடு" என்றேன். என்னத்தை என்றான். சொன்னேன். ஓகோ என்று, சொந்தக்காரர் நிறைந்திருந்த ஹோலைப் பார்த்து அங்கிருந்தே கேட்க வாயைத் திறந்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"உள்ளுக்குப் போய்க் கேள்."

"எங்கட ஆக்கள்தானே அப்பா, இதில என்ன?"

"கதவைச் சாத்திப் போட்டுக் கேள்" என்றேன்.