பூட்டின வீட்டு நீலப் பூ

டெல்பினியம் குளிர் நாட்டுப் பூ. போன வருடம் லீவுக்கு வந்த என் மகள் அதன் விதைப் பொட்டலத்தைக் கொடுத்து, பூத்தால் காட்டச் சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். நசரத்பேட்டை நர்சரிக்காரரிடம் யோசனை கேட்டேன். முதலில் ஊட்டியில் ஒரு வீடு வாங்குங்கள் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

விதையை ஈரத் துணியில் சுற்றி இரண்டு வாரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். மனைவி இருந்திருந்தால், தயிருக்குப் பக்கத்தில் இதென்ன கூத்து என்று கேட்டிருப்பாள். அவள் போய் மூன்று வருடமாகிறது. இப்போது ஃபிரிட்ஜில் இடத்துக்குப் பஞ்சமில்லை. புரட்டாசிக் கடைசியில் தொட்டியில் விதைத்தேன். முளைத்ததில் பாதி மழையில் அழுகியது, மீதியை நத்தை தின்றது. ஒன்றே ஒன்று தப்பியது. மதிய வெயில் படாமல் தொட்டியைக் காம்பவுண்டுச் சுவர் நிழலுக்கு நகர்த்தி, பழைய குடைக்கம்பியை ஊன்றிக் கட்டினேன். மாசி பிறந்ததும் ஒரு கதிர் விட்டு, கீழிருந்து நீலமாகத் திறந்தது.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் பேசுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. அதோடு எங்களுக்குப் பேச்சு தீர்ந்துவிடும். இந்த முறை காட்ட ஒரு பூ இருந்தது. சனிக்கிழமை முழுக்க அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன்.

ஞாயிறு காலை பால் பாக்கெட் எடுக்கப் போனால், கதிரைக் காணோம். பட்டாபிராமில் எங்கள் பக்கம் பூஜைக்குப் பூப் பறிப்பதை யாரும் திருட்டாக நினைப்பதில்லை. என் காம்பவுண்டுச் செம்பருத்தியும் தினம் அப்படித்தான் போகும். யார் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. தெருமுனையில் ஓர் அம்மாள் கூடையோடு போய்க்கொண்டிருந்தார். கூடையில் செம்பருத்திக்கு மேல் நீலக் கதிர். ஓடிப்போய்க் கத்தினேன். மரியாதையில்லாமல்தான் கத்தினேன்.

அவர் மிரண்டுபோய்க் கதிரை நீட்டினார்.

"கோச்சுக்காதீங்கண்ணே. பூட்டின ஊடுன்னு நெனச்சிகினு இருந்தேன் இத்தினி நாளா. ஆளு கீறாங்கன்னு தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்த கேட்டிருப்பேன்ல?"

நான்கு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். கதிரையும் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

மாலையில் மகள், அந்த விதை பூத்ததா என்று கேட்டாள். வாடிவிட்டது என்றேன். சரி, சாப்பிட்டீங்களா என்றாள்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் வாசல் கதவைத் திறந்து வைத்து, நாற்காலி போட்டு உட்காருகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லத்தான். அவர் எங்கள் தெருப்பக்கமே வருவதில்லை. செம்பருத்தி செடியிலேயே சுருங்கி விழுகிறது.